இயல்பும் படைப்பும்: கலைஞர் தம்மை அறிதல் குறித்து

மனிதர் அனைவரும் மண்ணிலிருந்தே படைக்கப்பட்டனர். ஆயினும் எல்லா மண்ணும் ஒரே மண் அன்று. களிமண்ணில் நெல் விளைகிறது. மணற்பாங்கில் தென்னை செழிக்கிறது. காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மனித இயல்புகளின் வேறுபாடும் இத்தகையதே. திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் 84ஆம் வசனம், ஒவ்வொருவரும் தத்தம் 'ஷாகிலா'வின்படியே செயற்படுகின்றனர் என்னும் பொருளைத் தருகிறது. அச்சொல்லுக்கு இயல்பு, வழி, எண்ணப்போக்கு என விரிவுரையாளர்கள் பொருள் கூறுவர்.

இக்கருத்தைக் கலைஞர்க்கும் எழுத்தாளர்க்கும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்றைய இளைஞர்கள் கைப்பேசியில் இருபது வினாக்களுக்கு விடையளித்துத் தம் ஆளுமை இன்ன வகை என்று அறிந்துகொள்கின்றனர். 'நான் ஞானி வகை', 'நான் கலகக்காரன் வகை' என்று சொல்லிக்கொள்வதோடு நில்லாமல், 'ஆகவே இது எனக்கு வராது' என்னும் முடிவுக்கும் வந்துவிடுகின்றனர். அந்த முடிவு ஓர் எழுத்தாளரை அவர் பிறக்கும் முன்பே இல்லாமற் செய்துவிடக்கூடும். ஆதலின் இவ்வகைப்பாடுகளின் வரலாற்றையும் வரம்பையும் அறிவது இன்றியமையாததாகிறது.

நால்வகை இயல்பும் ஐந்தாம் நரம்பும்

மனிதரை வகைப்படுத்தும் முயற்சி புதியதன்று. உடலில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு திரவங்கள் உள்ளன. அவற்றின் கலவையே ஒருவரின் குணம் என்று கிரேக்க மருத்துவர் கருதினர். ஜாலினூஸ் என அரபுலகம் அழைக்கும் கேலனின் நூல்களை ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலியோர் பெயர்த்தளித்தனர். இக்கலவைக்கு அரபியர் இட்ட பெயர் 'மிஸாஜ்'. இப்னு ஸீனா (980 - 1037) தம் 'அல்கானூன்' நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். யூனானி மருத்துவத்தில் அச்சொல் இன்றும் வழங்குகிறது.

இக்கோட்பாட்டைக் கலையோடு இணைத்தவர் தத்துவ அறிஞர் அல்கிந்தி. ஊத் என்னும் நரம்புக் கருவியின் நான்கு நரம்புகளையும் நான்கு திரவங்களோடு அவர் பொருத்தினார். மெல்லிய 'ஸீர்' மஞ்சள் பித்தத்துக்கும், 'மஸ்னா' இரத்தத்துக்கும், 'மஸ்லஸ்' சளிக்கும், தடித்த 'பம்' கரும்பித்தத்துக்கும் உரியவை என்பது அவர் கொள்கை. இசையின் ஆகுமை பற்றிய ஃபிக்ஹு விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கு நாம் நோக்குவது இயல்பு பற்றிய சிந்தனையை மட்டுமே.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து குர்துபா சென்ற ஸிர்யாப், அந்நான்கு நரம்புகளின் நடுவே ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தார் என்றும், அது ஆன்மாவைக் குறித்தது என்றும் அந்தலூசியாவின் வரலாற்றை எழுதிய அல்மக்கரீ பதிவு செய்கிறார். இச்செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. நான்கு திரவங்களைக் கொண்டு மனிதனை முழுவதும் விளக்கிவிட முடியாது. அவற்றை இயக்கும் ஒன்று வேறாக உண்டு என்னும் உணர்வு அக்காலத்திலேயே இருந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் உளவியலறிஞர் கார்ல் யூங் (1875 - 1961) இத்துறைக்குப் புதுவடிவம் தந்தார். 1921இல் வெளிவந்த நூலில் அகமுக இயல்பினர், புறமுக இயல்பினர் என மனிதரை அவர் பகுத்தார். ஞானமுதியவர், வீரர், விகடர் போன்ற உருவங்கள் எல்லா மக்களின் கதைகளிலும் கனவுகளிலும் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் கண்டு, அவற்றைத் தொல்படிமங்கள் என்றார். இன்று உலவும் பன்னிரு படிமங்கள், பதினாறு வகைகள் முதலிய பட்டியல்கள் அவருடைய கருத்துகளைப் பிறர் விரித்தும் சுருக்கியும் அமைத்தவை. எவரும் முற்றிலும் அகமுகத்தினரோ முற்றிலும் புறமுகத்தினரோ ஆகார் என்பது யூங்கின் கருத்து. பட்டியல்களை நம்புவோர் மறப்பது இதனைத்தான்.

அரபு இலக்கியத் திறனாய்வு காட்டும் இருவகை

அரபு இலக்கியம் பயில்வோர்க்கு இவற்றினும் பயனுள்ள ஒரு பாகுபாடு உண்டு. ஹிஜ்ரி 276இல் (889) மறைந்த இப்னு குதைபா, 'அஷ்ஷிஃரு வஷ்ஷுஅரா' என்னும் நூலின் முன்னுரையில் கவிஞர்களை 'மத்பூஃ', 'முதகல்லிஃப்' என இருவகையாக்குகிறார். முன்னவருக்குக் கவிதை இயல்பாகச் சுரக்கும். பின்னவர் எழுதியதை மீண்டும் மீண்டும் நோக்கிச் செப்பம் செய்வார். முஅல்லகாத் கவிஞருள் ஒருவரான ஸுஹைர் இரண்டாம் வகையினர். அவருடைய நெடும்பாடல்கள் ஓராண்டு முழுவதும் திருத்தப்பெற்றமையால் 'ஹவ்லிய்யாத்', அதாவது ஆண்டுப்பாடல்கள் எனப் பெயர்பெற்றன. ஸுஹைரையும் ஹுதைஆவையும் கவிதையின் அடிமைகள் என்று மொழியறிஞர் அஸ்மஈ குறிப்பிட்டார். ஆயினும் அவ்வடிமைகளுள் ஒருவரின் பாடல் இன்றுவரை உலகெங்கும் அரபுக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது!

ஒரே கவிஞருக்குள்ளும் எல்லாத் திறனும் சமமாக அமைவதில்லை என்பதையும் இப்னு குதைபா எடுத்துக்காட்டுகிறார். பாலைவனம், நண்பகல் வெம்மை, நீர்நிலை ஆகியவற்றை வருணிப்பதில் துர்ருர்ரும்மாவுக்கு நிகரில்லை. புகழ்ச்சிக்கோ வசைக்கோ வரும்போது அவருடைய இயல்பு கைகொடுப்பதில்லை. அடுத்து அவர் கூறுவது மேலும் வியப்புக்குரியது. ஃபரஸ்தக் பெண்கள் நாட்டம் மிக்கவர். ஆனால் காதற்பாடல் அவருக்குச் சிறக்கவில்லை. ஜரீர் கற்பொழுக்கம் உடையவர்; ஆனால் காதற்பாடலில் அவரே முன்னணியில் நின்றார்.

இவ்வொரு சான்றே இன்றைய வினாத்தாள்களின் அடித்தளத்தை அசைத்துவிடுகிறது. ஒருவரின் வாழ்க்கைக் குணத்தை வைத்து அவருடைய படைப்புக் குணத்தைக் கணிக்க இயலாது. கூட்டத்தில் பேசாதவர் நகைச்சுவை எழுதலாம். ஓயாது பேசுபவர் துயரக்கதை எழுதலாம். படைப்பாளியின் இயல்பைப் படைப்பில்தான் தேட வேண்டும்.

திருவாரூர் தரும் சான்று

இதற்குத் தொலைதூரச் சான்று தேட வேண்டியதில்லை. நம் திருவாரூரில், கமலாலயக் குளத்தைச் சூழ்ந்த தெருக்களில், ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குள் மூவர் பிறந்தனர். சியாமா சாஸ்திரி (1762 - 1827), தியாகராஜர் (1767 - 1847), 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய அம்மூவரையும் கருநாடக இசையின் மும்மூர்த்திகள் என அவ்விசையுலகம் போற்றுகிறது. ஒரே ஊர், ஒரே காலம், ஒரே சமயப் பின்னணி, ஒரே இசை மரபு. எனினும் படைப்பியல்பு மூன்றாகப் பிரிந்தது.

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் பெரும்பாலும் தெலுங்கில் பாடினார். உள்ளத்து உணர்ச்சியை நேரே இறைவனிடம் பேசுவது போன்ற நடை அவருடையது. நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் அவரிடமிருந்து பெருகின. தீட்சிதர் காசி சென்று மீண்டவர், தலந்தோறும் பயணம் செய்தவர், எட்டயபுரத்தில் மறைந்தவர். வடமொழியில், வீணையின் சாயலோடு, ஆழ்ந்த மந்த நடையில் கட்டடம் எழுப்புவது போலப் பாடல் அமைத்தார். சியாமா சாஸ்திரி தஞ்சையில் காமாட்சி கோயிலின் பூசனையில் ஈடுபட்டிருந்தவர். அவர் இயற்றியவை சிலவே. தாள நுட்பத்தில் அவை தனித்து நிற்கின்றன.

இசையுலகினர் இம்மூவரையும் மூன்று கனிகளுக்கு ஒப்பிடுவர். தியாகராஜர் திராட்சை, வாயிலிட்டதும் இனிக்கும். சியாமா சாஸ்திரி வாழை. தோலை உரிக்க வேண்டும். தீட்சிதர் தேங்காய், ஓட்டை உடைத்தே சுவைக்க வேண்டும். இவ்வொப்பீடு ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை என்பதே இதன் சிறப்பு. வாழையைப் பார்த்து நீ ஏன் திராட்சை ஆகவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

அதே வேளையில் இவர்களுள் எவரும் தம் வகைக்குள் அடைபட்டும் கிடக்கவில்லை. கனத்த நடைக்குரிய தீட்சிதரே, ஆங்கிலேயர் வாத்தியக் குழுவினர் வாசித்த மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களிட்டு எளிய 'நோட்டுஸ்வர'ப் பாடல்களை யாத்தார். எளிய நாமகீர்த்தனங்கள் பாடிய தியாகராஜரே பஞ்சரத்தினங்கள் என்னும் நெடிய கட்டமைப்புகளையும் இசை நாடகங்களையும் படைத்தார். நாட்டியத்தோடு இணைந்திருந்த ஸ்வரஜதியைத் தனித்துப் பாடத்தக்க அரிய வடிவாக சியாமா சாஸ்திரி உயர்த்தினார். இயல்பு அவர்களுக்கு வீடாக இருந்தது. ஆனால் அவ்வீட்டுக்கு வாசலும் இருந்தது.

தமிழ் மரபின் நாற்கவி

தமிழ்ப் பாட்டியல் நூல்கள் கவிஞரை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைப்படுத்தின. கேட்டவுடன் பாடுபவர், இனிமை ததும்பப் பாடுபவர், எழுத்தையும் சொல்லையும் சித்திரமாக அடுக்குபவர், விரிந்த நூல்களை ஆக்குபவர் என இவர்களைச் சுருக்கமாகக் கூறலாம்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திலும் இவ்வியல்புகளைக் காணலாம். 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தை அளித்த உமறுப்புலவர் வித்தாரகவி. உருகி உருகிப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792 - 1838) மதுரகவி எனத்தகும். நூறு வகைக் கவனங்களை ஒரே வேளையில் காட்டும் சதாவதானத்தை 1907இல் சென்னையில் நிகழ்த்திய கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் (1874 - 1950) ஆசுகவிக்குரிய விரைவு மிக்கவர். அப்பாவலரே சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதினார். உரை எழுதுவதோ பொறுமையின் பணி! நம் பகுதியைச் சார்ந்த நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833 - 1908) கலம்பகம், புராணம், கோவை எனச் செய்யுளில் சிறந்ததோடு, ஆங்கிலப் புதினம் ஒன்றை 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' என உரைநடையிலும் தந்தார். அகப்பொருள் விளக்கம் இயற்றிய நம்பி 'நாற்கவிராசர்' என்று பெயர் பெற்றதிலிருந்தே, நால்வகையும் ஒருவரிடம் கூடலாம் என்பதைத் தமிழ் மரபு ஏற்றது புலனாகிறது.

பேரீச்சங்கொட்டை

எனில் இயல்பு மாறுமா, மாறாதா? இவ்வினாவுக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் தரும் விளக்கம் ஒப்பற்றது. பேரீச்சங்கொட்டை இப்போது பேரீச்ச மரமும் அன்று, ஆப்பிள் மரமும் அன்று. பேணி வளர்த்தால் அது பேரீச்சையாகும். எவ்வளவு பேணினும் ஆப்பிள் ஆகாது. பேணாவிடில் எதுவுமே ஆகாது. இயல்பு, பயிற்சி ஆகிய இரண்டின் எல்லைகளையும் இவ்வொரு உவமை வகுத்துவிடுகிறது.

எழுத்தணிக்கலையையும் அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். அழகிய கையெழுத்தைத் தம் இயல்பாக்கிக்கொள்ள விரும்புபவர், தேர்ந்த எழுத்தணிக் கலைஞரின் எழுத்தைப் பார்த்து நெடுங்காலம் வலிந்து எழுத வேண்டும். வலிந்து செய்தது நாளடைவில் உள்ளத்தில் வேரூன்றி, பின்னர் தானாகவே வெளிப்படும். 'முதகல்லிஃப்' ஆகத் தொடங்கியவர் 'மத்பூஃ' ஆக முடியும் என்பதே இதன் உட்பொருள் எனலாம்.

இன்றைய உளவியல் ஆய்வும் இதற்கு முரணாக இல்லை. பதினாறு வகைச் சோதனையைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதுவோரில் பலர் வேறு வகையில் சேர்வதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். குணங்கள் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. குறைந்தும் மிகுந்தும் அமையும் அளவுகள் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்கை. அவற்றுள் படைப்பாற்றலோடு மிகுதியும் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது, புதியதை ஏற்கும் மனத்திறப்பு.

தம்மை அறியும் வழி

ஆகவே வளரும் படைப்பாளி தம்மைத்தாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் வேறு. எப்பொழுதில் எனக்குச் சொல் வருகிறது? உறக்கத்துக்கு முந்திய முன்னிரவு, உணவுக்கு முந்திய காலை, தனிமை, பயணம் ஆகியவற்றை இப்னு குதைபா கவிதைக்குரிய வேளைகளாகக் குறிக்கிறார். என்னை எழுதத் தூண்டுவது எது: ஏக்கமா, கோபமா, மகிழ்ச்சியா? முதல் எழுத்திலேயே நிறைவடைகிறேனா, பத்தாம் திருத்தத்தில்தான் தெளிகிறேனா? எத்துறையில் என் இயல்பு தளர்கிறது? இவற்றுக்கு விடை ஓராண்டுக் காலம் எழுதிப் பார்த்தபின் கிடைக்கும். இருபது வினாக்களில் கிடைக்காது.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. நம் சமுதாயத்தில் கவியரங்கத்திலும் மேடையிலும் உடனடியாக முழங்குபவரே படைப்பாளியாக மதிக்கப்படுகிறார். ஒரு பக்கத்தைப் பத்து முறை அடித்து எழுதும் மாணவனும், எழுதியதை எவரிடமும் காட்டாத மாணவியும் 'திறமை இல்லாதவர்' என ஒதுக்கப்படுகின்றனர். அவர்கள் ஸுஹைரின் வழியினராக இருக்கலாம். திராட்சையை மட்டுமே கனி என்று கொண்டால் தேங்காயை உடைத்துப் பார்க்க எவரும் முன்வரமாட்டார். ஒவ்வொருவர்க்கும் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அந்த எளிமை சிலருக்கு முதல் நாளிலும் சிலருக்குப் பத்தாண்டுப் பயிற்சிக்குப் பின்னும் வந்து சேர்கிறது. அதுவரை அவர்களுக்குக் காகிதமும் காலமும் தனிமையும் அளிப்பதே நாம் செய்யத்தக்க உதவியாகும்.