வயிற்றில் நட்ட மண்ணீரல் துண்டு தடுப்பூசிக்கு ஈடாகுமா?

மண்ணீரலை எடுக்க நாள் குறித்துவிட்டால், அதற்குக் குறைந்தது 14 நாள் முன்பே தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும். விபத்தில் அவசரமாக எடுத்திருந்தால் அறுவைக்குப் பிறகு 14ஆம் நாளையொட்டிப் போட வேண்டும். திரும்பி வருவது சந்தேகம் என்றால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே. இந்தக் கெடுவைப் பற்றி வரும் வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது: “எடுத்த மண்ணீரலில் கொஞ்சத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறோம், எதிர்ப்புச் சக்தி போகாது என்றார்கள். பிறகு ஊசி எதற்கு?”

ஊசி கட்டாயம் வேண்டும். காரணத்தை அறிய, அந்தத் துண்டு எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மண்ணீரலைச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லைகளாக அறுத்து, குடலுக்கு முன்னால் கொழுப்புத் திரையாகத் தொங்கும் ஒமெண்டத்தின் மடிப்புக்குள் வைத்துத் தைக்கிறார்கள். ரத்தக்குழாய் எதையும் இணைப்பதில்லை. அதனால் முதல் சில நாட்களில் வில்லையின் பெரும்பகுதி செத்துவிடுகிறது. ஓரத்தில் ஒரு மெல்லிய விளிம்பு மட்டும், சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் பிராணவாயுவைக் கொண்டு தாக்குப்பிடிக்கிறது. பிறகு ஒமெண்டத்திலிருந்து நுண்குழாய்கள் உள்ளே வளர, அந்த விளிம்பிலிருந்து மண்ணீரல் திசு மறுபடி உருவாகிறது. உடம்பு தானாகவும் இதைச் செய்யும். விபத்தில் சிதறிய துணுக்குகள் வயிற்றில் ஒட்டி வளர்வதற்கு 1939இலேயே ‘ஸ்ப்ளினோசிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மிக அழகான ஏற்பாடு இது.

ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் “மண்ணீரல் செயல்பாடு பாதுகாக்கப்பட்டது” என்று எழுதுவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். அறுவை முடிந்த வாரத்தில் அந்தத் துண்டு பாதி செத்த நிலையில்தான் இருக்கும். மாதங்கள் கழித்து ஸ்கேனில் அது தெரியலாம். ரத்தப் பரிசோதனையில், மண்ணீரல் இல்லாதபோது சிவப்பணுக்களில் தங்கிவிடும் ஹோவல்-ஜாலி துகள்கள் குறைந்திருக்கலாம். இரண்டுமே பழுதான சிவப்பணுக்களைத் துண்டு பிடிக்கிறது என்பதற்கு அத்தாட்சி. கிருமியைப் பிடிக்கும் என்பதற்கு அல்ல.

நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகள் சர்க்கரைப் பொருளாலான உறையைப் போர்த்திக்கொண்டு வருகின்றன. ஆன்டிபாடி நன்றாக ஒட்டிய கிருமியைக் கல்லீரலே விழுங்கிவிடும். ஆன்டிபாடி போதாத ஆரம்பக் கட்டத்தில் அந்த உறைக்காரரைப் பிடிப்பதில் மண்ணீரலுக்கு நிகர் இல்லை. அதற்கு ரத்தம் ஏராளமாக வரவும் வேண்டும், வந்தது மெதுவாகக் கசிந்து போகவும் வேண்டும். இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் 5 சதவீதம், மண்ணீரலுக்கென்றே உள்ள தமனி வழியாக வருகிறது. நட்ட துண்டுக்கு அந்தத் தமனி கிடையாது. ஒமெண்டத்தின் சிறு குழாய்கள் தருவதுதான். வயிற்றில் மண்ணீரல் திசு வளர்ந்திருந்தும் நியூமோகாக்கஸ் செப்சிஸில் இறந்தவர்களை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. துண்டு நட்டவர்களுக்கு இந்தத் தொற்று குறைகிறது என்று மனிதர்களில் இதுவரை நிரூபணம் இல்லை. தொற்று அரிது, நிரூபிப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் வந்தால் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொன்றுவிடும் நோயில், நிரூபிக்காத ஒன்றை நம்பி ஊசியை விடச் சொல்வது பெரும் தவறு.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

யாருக்கு நடலாம்? விபத்தில் நொறுங்கி, வேறு வழியின்றி எடுக்கும்போது.

ஐடிபி (தட்டணுக்கள் குறையும் நோய்), ரத்தப் புற்றுநோய்? கூடாது, துண்டோடு நோயும் திரும்பலாம்.

ஒரு பகுதியைத் தமனியோடு விட்டுவைத்தால்? முடிந்தால் அதுவே மேல்.

என்ன ஊசிகள்? நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப், ஆண்டுதோறும் ஃப்ளூ.

நாய் கடித்தால்? ரேபிஸ் ஊசியோடு ஆன்டிபயாடிக்கும் கேளுங்கள்.

மலேரியா உள்ள ஊருக்குப் போனால்? மருத்துவரைக் கேட்டுத் தடுப்பு மாத்திரை.

ஆபத்து எத்தனை நாள்? முதல் சில ஆண்டுகளில் அதிகம். ஆயுள் முழுக்க உண்டு.

ஊசி போட்டவர்களுக்கும் முழுக் காப்பு இல்லை. துண்டு நட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, குளிர் காய்ச்சல் வந்தால் காலை வரை பொறுக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “எனக்கு மண்ணீரல் இல்லை” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.