எம்-16 துப்பாக்கிக்குள் ஒரு ‘கடையாணி’: அந்தச் சின்ன பின்னில் என்ன இருக்கிறது?

மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று ஓடாமல் பிடித்து வைப்பது, அச்சின் நுனியில் செருகிய கடையாணி. அமெரிக்க ராணுவத்தின் எம்-16 துப்பாக்கிக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. பார்க்க கொண்டை ஊசி மாதிரி. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பிளந்த இரண்டு கால்கள். பெயர் மட்டும் கொஞ்சம் நீளம்: ‘ஃபயரிங் பின் ரீடெய்னிங் பின்’. புல்தரையில் விழுந்துவிட்டால் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அமெரிக்காவில் சில வருடங்களாக ‘ரெட்ரோ’ துப்பாக்கி மோகம். வியட்நாம் போர்க்காலத்து எம்-16 தோற்றத்திலேயே, ஆனால் ட்ரிகரை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் சுடும் வகையில் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ‘ப்ரௌனெல்ஸ்’ 2018-இல் இதற்கென்று தனி வரிசையையே கொண்டுவந்தது. பழைய மாடல் போலவே பளபளக்கும் குரோம் பூச்சு போட்ட போல்ட் கேரியரை வாங்கி, வீட்டு மேஜையில் வைத்துப் பாகம் பாகமாகப் பொருத்துகிறவர்களும் உண்டு. கடைசியில் செருக வேண்டியது இந்தப் பின். கை தடுமாறுவதும் இங்கேதான்.

ஒன்றைப் பிடித்திருக்கும் இன்னொன்று

போல்ட் கேரியர் என்பது துப்பாக்கியின் வயிற்றுக்குள் முன்னும் பின்னும் ஓடும் எஃகு உருளை. சுட்டதும் குழலிலிருந்து கொஞ்சம் வாயு ஒரு சின்னக் குழாய் வழியாகத் திரும்பி வந்து அதைப் பின்னால் தள்ளுகிறது. அதன் முன்பக்கம் இருக்கும் போல்ட் சற்றே திரும்பி, பூட்டு விடுகிறது. காலித் தோட்டா வெளியே, அடுத்த தோட்டா உள்ளே. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்.

போல்ட்டைத் திருப்பிவிடுவது ‘கேம் பின்’ என்ற தடித்த கட்டை. அந்தக் கேம் பின்னுக்கு நடுவே ஒரு துளை. அதன் வழியாகப் போகிறது ஃபயரிங் பின், அதாவது தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி. இந்த ஊசி பின்பக்கமாக வழுக்கி விழாமல் குறுக்கே நிற்பதுதான் நம் கொண்டை ஊசி.

ஆக, போல்ட்டைக் கேம் பின் பிடித்திருக்கிறது. கேம் பின்னை ஃபயரிங் பின் பிடித்திருக்கிறது. ஃபயரிங் பின்னை இந்தச் சின்ன பின் பிடித்திருக்கிறது. இதை உருவினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், ஒரு தோட்டாவின் கூர் முனை போதும். 1950-களின் இறுதியில் யூஜின் ஸ்டோனரும் ஆர்மலைட் நிறுவனமும் உருவாக்கிய ஏஆர்-15 வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனம் இது. சேற்றில் உட்கார்ந்திருக்கும் சிப்பாயும் பிரித்துத் துடைக்க முடியும்.

துடைக்க முடியும், சரி. துடைக்கச் சொன்னார்களா?

1967: மலையில் நடந்தது

இதுதான் இந்தத் துப்பாக்கியின் கறுப்புப் பக்கம். 1965 முதல் வியட்நாமுக்கு எம்-16 பெருமளவில் போனபோது, இதற்கு அதிகம் பராமரிப்பே தேவையில்லை என்ற பேச்சு சிப்பாய்களிடம் பரவியிருந்தது. சுத்தம் செய்யும் சாமான்கள் பலருக்குப் போய்ச் சேரவில்லை. இதற்கிடையே தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்தை ராணுவம் மாற்றியிருந்தது. புது மருந்தில் கரி அதிகம் படிந்தது, சுடும் வேகமும் கூடியது. தோட்டா உட்காரும் அறைக்கு, அதாவது சேம்பருக்கு, குரோம் பூச்சு இல்லை. வெப்பமண்டல ஈரத்தில் அது அரித்தது. விளைவு, சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. குழலின் முன்பக்கமாகக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ள வேண்டும். எதிரே ஆள் சுட்டுக்கொண்டிருக்கும்போது!

1967 வசந்தத்தில் கே சான் பகுதி மலைகளில் நடந்த சண்டைக்குப் பிறகு, ஒரு மரைன் வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் நியூ ஜெர்சி பத்திரிகையில் வெளியானது. இறந்து கிடந்த தோழர்கள் பலரின் பக்கத்தில் துப்பாக்கி பிரித்த நிலையில் கிடந்தது, அதைச் சரி செய்யப் பார்த்திருக்கிறார்கள் என்று அவர் எழுதியிருந்தார். அமெரிக்க நாடாளுமன்றம் வரை விஷயம் போனது. ரிச்சர்ட் இகார்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்து, அதே ஆண்டு அக்டோபரில் கொடுத்த அறிக்கையில், சரியாகச் சோதிக்காமல் மருந்தை மாற்றியதற்காக ராணுவத்தை வறுத்தெடுத்தது. சேம்பருக்குக் குரோம் பூச்சு வந்தது அந்த ஆண்டில்தான். மாறாக, ஆரம்பத்தில் குரோம் பூச்சோடு வந்த போல்ட் கேரியர்கள் பிறகு மங்கலான சாம்பல் கறுப்புக்கு மாறின. பூச்சு தேவைப்பட்ட இடத்தில் இல்லை, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தது. இன்றைய ரெட்ரோ ரசிகர்கள் ஆசை ஆசையாகத் தேடுவது அந்தப் பளபளப்பைத்தான்.

1968-இல் ராணுவம் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தது. காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னரை வைத்துப் படக்கதைப் புத்தகமாகவே ஒரு பராமரிப்புக் கையேட்டைத் தயாரித்தது. அதிகாரிகளின் சுற்றறிக்கையை யார் படிப்பார்கள்? இதைப் படித்தார்கள்.

செருகும்போது எங்கே தப்பு நடக்கும்?

வரிசைதான் முக்கியம். முதலில் போல்ட், அடுத்து கேம் பின். அதைக் கால் சுற்று திருப்பினால்தான் ஊசிக்கு வழி கிடைக்கும். பிறகு ஃபயரிங் பின், கடைசியில் ரீடெய்னிங் பின். கேம் பின்னை மறந்துவிட்டால்கூட துப்பாக்கி சுடும், ஆனால் வெடித்துச் சிதறும் என்று ராணுவக் கையேடு தனியாகவே எச்சரிக்கிறது.

ஃபயரிங் பின்னின் பின்பகுதியில் வளையம் போல ஒரு விளிம்பு உண்டு. ரீடெய்னிங் பின் அதற்குப் பின்னால் குறுக்கே போக வேண்டும். ஊசியை முழுசாக உள்ளே தள்ளாமல் செருகினால், பின் விளிம்புக்கு முன்னால் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. ஆனால் ஊசி தோட்டாவைத் தொடாது, பின்பக்கமாக விழவும் விழும்.

புது குரோம் கேரியரில் இன்னொரு தொல்லை வரலாம். துளையின் வாயில் பூச்சு கொஞ்சம் தடித்துப் படிந்திருந்தால் பின் இறுகும். உடனே சுத்தியலை எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது, கால்கள் வளைந்துவிடும். அந்தப் பிளந்த கால்களை விரிக்கவோ நெருக்கவோ கூடாது என்பதும் கையேட்டின் கட்டளை. மற்ற இடங்களில் இப்படிப்பட்ட பின்னைச் செருகிவிட்டுக் காலை விரித்து மடக்குவோம் இல்லையா, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. பின்னின் தலை கேரியரின் இடப்பக்கக் குழிக்குள் அமுங்கி உட்கார வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் உள்சுவரில் உரசும். வளைந்த பின்னை நிமிர்த்திப் போடுவதைவிடப் புதுசு வாங்குவதே மேல், விலை ஒன்றும் பெரிதில்லை.

சோதனை ரொம்பச் சுலபம். துப்பாக்கிக்குள் போடுவதற்கு முன், கேரியரின் பின்பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்து ஒரு உலுக்கு உலுக்க வேண்டும். ஊசி உள்ளேயே நின்றால் பின் சரியான இடத்தில் இருக்கிறது. கையில் வந்து விழுந்தால், உருவிவிட்டு முதலிலிருந்து.