குடியேற்ற விண்ணப்பமும் ஓர் அமானிதமே!



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் மஹல்லாக்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பினர். இன்று படித்த இளைஞர்கள் பலர், மனைவி மக்களோடு கனடா போன்ற நாடுகளில் நிரந்தரமாகக் குடியேற விரும்புகின்றனர். அங்கே செல்வது கூடுமா என்று கேட்போர் பலர். எவ்வழியில் செல்வது என்று கேட்போர் சிலரே. அந்த இரண்டாவது கேள்வியையே இங்கு நாம் கவனிக்கவிருக்கிறோம்.

வேலை தேடிச் சென்ற இடத்தில்

பிழைப்புக்காக ஊர் கடந்து செல்வது இழிவன்று. எகிப்திலிருந்து தப்பி மத்யன் சென்ற மூஸா (அலை) அவர்கள், தம் ஆடுகளுக்கு நீர் புகட்ட இயலாது ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்கு உதவினார்கள். அப்பெண்களுள் ஒருவர் தம் தந்தையிடம் அவர்களைப் பணிக்குப் பரிந்துரைத்தபோது கூறிய தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை (28:26). எட்டு ஆண்டுகள் பணி என்றும், பத்தாக நிறைவுசெய்வது அவர்களின் விருப்பம் என்றும் ஒப்பந்தமாயிற்று. இரண்டில் நீண்ட தவணையையே மூஸா (அலை) அவர்கள் நிறைவேற்றியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). திறமையும் நாணயமும் சேர்ந்திருப்பவரே சிறந்த பணியாளர் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

மதிப்பெண் முறை

பிறந்த நாட்டையும் இனத்தையும் பாராது, தகுதியைக் கொண்டு குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பெண் முறையைக் கனடா 1967-இல் கொண்டுவந்தது. திறன்மிகு பணியாளருக்கான கூட்டரசுத் திட்டத்தில் தகுதி பெற 100-க்கு 67 மதிப்பெண் வேண்டும். மொழியறிவுக்கு 28, கல்விக்கு 25, பணி அனுபவத்திற்கு 15, வயதுக்கு 12 வரை வழங்கப்படும். 2015 முதல், தகுதியுடையோர் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்னும் பட்டியலில் சேர்க்கப்பட்டு, வேறொரு தரவரிசையின்படி அழைக்கப்படுகின்றனர். விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்நாட்டு அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

சறுக்கும் இடங்கள்

ஓரிரு மதிப்பெண்கள் குறையும்போதுதான் ஷைத்தான் நெருங்குகிறான். பார்க்காத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் வாங்குவோர் உளர். வேலை அழைப்புக் கடிதங்களும் விலைக்கு விற்கப்பட்டன. இத்தகைய மோசடிகளைத் தடுக்கவே, தரவரிசையில் வேலை அழைப்புக்கு வழங்கிய கூடுதல் மதிப்பெண்ணைக் கனடா 2025 மார்ச் 25 அன்று நீக்கியது.

மற்றொன்றை நம்மில் பலர் குற்றமாகவே கருதுவதில்லை. அங்கே சென்று குடும்பத்தோடு தங்கப் போதிய பணம் கைவசம் இருப்பதை விண்ணப்பதாரர் பலர் காட்ட வேண்டும். அது கடனாகப் பெற்றதாக இருத்தல் கூடாது. எனினும் உறவினரிடம் கைமாற்று வாங்கி, வங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பித் தருகின்றனர். விவரம் அறிந்தே பணம் கொடுத்தவரும் பொய்க்குத் துணைபோனவரே அல்லவா?

"முகவர்தான் எழுதினார், எனக்குத் தெரியாது" என்பதும் பயன் தராது. விண்ணப்பத்தில் உள்ளவை உண்மை என்று உறுதியளிப்பவர் நீங்களே. பொய் வெளிப்பட்டால் ஐந்தாண்டுகள் தடை விதிக்கப்படும். குடியேறிய பின் தெரியவந்தால் வசிப்புரிமையும், குடியுரிமையும்கூடப் பறிபோகலாம். அங்கே பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

உலகத் தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். பெரும்பாவங்களை எடுத்துரைத்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சியைக் குறிப்பிடும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து அமர்ந்து, அதைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள் (புகாரி).

"முஸ்லிமல்லாத நாட்டு அரசுதானே!" என்று சிலர் சமாதானம் கூறுவர். ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள். கொலை செய்யச் சூழ்ச்சி செய்த குறைஷியர் ஊரிலிருந்து புறப்பட்டபோதும், மக்கா மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருட்களை உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை அண்ணலார் விட்டுச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பகைவரின் பொருளிலேயே அமானிதம் பேணிய நபியின் உம்மத்தாகிய நாம், நமக்கு வாழ்வளிக்கவிருக்கும் நாட்டிடம் பொய் கூறலாமா?

குடும்பத்தாரிடமும் உண்மை

குடியேற அனுமதி கிடைத்ததும் அதே தொழிலைச் செய்துவிட முடியாது. மருத்துவர், செவிலியர், பொறியாளர் போன்றோர் அந்தந்த மாகாணத்தின் உரிமத்தையும் பெற்றாக வேண்டும். அதுவரை சிறிய வேலையும் பார்க்க நேரிடலாம். இதை மனைவியிடமும் பெற்றோரிடமும் மறைக்காதீர்கள். முதிய பெற்றோரைக் கவனிப்பவர் யார் என்பதை முடிவு செய்து, இஸ்திகாராத் தொழுது, அதன்பின் விண்ணப்பியுங்கள். மதிப்பெண் குறைந்தால் மொழித்தேர்வை மீண்டும் எழுதுங்கள். சான்றிதழை மட்டும் வாங்காதீர்கள். நம் ரிஸ்க் எந்த மண்ணில் எழுதப்பட்டிருந்தாலும், அதை ஹலாலாகத் தேடுவதே நம் பொறுப்பு.

வல்ல அல்லாஹ், செல்லுமிடமெல்லாம் நம்மை நம்பிக்கைக்குரியவர்களாக ஆக்கி, நம் சந்ததிகளின் ஈமானையும் பாதுகாத்தருள்வானாக! ஆமீன்.