எரிபொருட் புல்: சீதோஷ்ணமும் மண்ணும் அறிந்து ரகம் தேர்தல்

புல் என்றால் கால்நடைத் தீவனம் என்று கொள்வதே வழக்கம். ஆயினும் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஒருவகைப் புல், எரிபொருளுக்காகவே ஆராயப்பட்டு வருகிறது. ஸ்விட்ச் புல் எனப்படும் இது நமது சாமை, பனிவரகு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. அந்நாட்டுப் புல்வெளிகளில் இயற்கையாய் வளர்வது. இதனை எரித்து உஷ்ணமும் மின்சாரமும் பெறலாம். எரிசாராயமாக மாற்றி வாகனங்களுக்கும் உபயோகிக்கலாம். 1991-ஆம் வருஷத்தில் அந்நாட்டு எரிசக்தி இலாகா, எரிபொருட் புற்களுக்கு மாதிரிப் பயிராக இதனைத் தேர்ந்தெடுத்தது.

இப்புல் ஒருமுறை விதைத்தால் பத்து வருஷம் வரையிலும், அதற்கு மேலும் நிலைக்கும். முழு மகசூலுக்கு வரச் சுமார் மூன்று வருஷம் செல்லும். ஆகவே ரகத் தேர்வில் நேரும் பிழையை அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ள இயலாது. விதைச் செலவும், உழைப்பும், காத்திருந்த காலமும் ஒருங்கே வீணாகும்.

இதன் ரகங்கள் இருவகைப்படும். ஆற்றோரத் தாழ்நிலங்களில் தோன்றியவை ஒருவகை. டெக்ஸாஸில் கிடைத்த ‘அலமோ’வும், ஓக்லஹோமாவில் கிடைத்த ‘கான்லோ’வும் இவ்வகையின. இவை தடித்த தண்டுடன் ஓங்கி வளரும், மகசூல் அதிகம், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். மேட்டு நிலங்களில் தோன்றியவை மற்றொரு வகை. வட டகோட்டாவின் ‘டகோட்டா’ இதற்கு உதாரணம். இவை குட்டையானவை, தண்டு மெலிந்தவை. ஆனால் வறட்சியையும் கடுங்குளிரையும் நன்கு பொறுக்கும்.

மண்ணைக் காட்டிலும் முக்கியமானது பகற்பொழுதின் நீளம். கோடையின் மிக நீண்ட பகல், வட டகோட்டாவில் சுமார் 16 மணி நேரம். டெக்ஸாஸின் தென்பகுதியில் சுமார் 14 மணி நேரமே. வட ரகத்தைத் தெற்கே விதைத்தால், குறுகிய பகலைக் கண்டு அது முன்கூட்டியே கதிர்விட்டு, வளர்ச்சி நின்று, மகசூல் குறைகிறது. தென் ரகத்தை வடக்கே விதைத்தால், கதிர்விடத் தாமதித்து நெடுநாள் வளர்ந்து மிகுந்த மகசூல் தரும். இதைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. குளிர்காலத்திற்கு ஆயத்தமாகு முன்பே உறைபனி வந்து தூர்களை அழித்துவிடக்கூடும். இதனால் அந்நாட்டார் குளிரின் கடுமையைக் கொண்டு தேசத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு ரகத்தை அது தோன்றிய இடத்திலிருந்து ஒரு மண்டலத்திற்கு மேல் தள்ளி விதைக்கலாகாது என்னும் விதியைப் பொதுவாகக் கைக்கொள்ளுகின்றனர்.

மண் விஷயத்தில் இப்புல் அவ்வளவு கண்டிப்புடையதன்று. வேர் பத்தடி ஆழம் வரை செல்லக்கூடுமாதலால் வளம் குறைந்த நிலத்திலும் பிழைக்கும். எனினும் ஈரமுள்ள பள்ளக்காலுக்குத் தாழ்நில ரகமும், ஈரம் நில்லாத வறண்ட மேட்டுக்கு மேட்டுநில ரகமுமே ஏற்றவை.

இதிலிருந்து நம் விவசாயிகள் அறியவேண்டுவது யாதெனில், தூரதேசத்து மகசூல் கணக்கை மட்டும் நம்பி விதை வாங்கலாகாது என்பதே. சென்னையில் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. அமெரிக்க வட ரகங்கள் இங்கு இளமையிலேயே கதிர்விடும் என்றே எதிர்பார்க்கவேண்டும். எந்தப் புதுப் புல்லாயினும், விதை எவ்விடத்தில் தோன்றியது, அவ்விடத்து மழையும் மண்ணும் பகற்பொழுதும் எத்தகையவை என்று முதலில் விசாரிக்கவேண்டும். பின்னர் சில சென்ட் நிலத்தில் மட்டும் விதைத்து, முழு மகசூல் வரும் வருஷம் வரை பார்த்து, அதன் பிறகே விஸ்தரிப்பது உத்தமம். கிராம அதிகாரிகளும் புதிய விதை பற்றி யோசனை கேட்போருக்கு இதனை எடுத்துரைப்பார்களாயின், வீண் நஷ்டம் பெரிதும் தவிர்க்கப்படும்.