பல் சிகிச்சைக்கு 'வெறும் வயிற்றில் வாங்க'... எல்லாக் குழந்தைக்கும் இது சரிப்படுமா?

மயக்க மருந்து கொடுத்துச் சொத்தைப் பல்லை எடுக்க வேண்டுமென்றால், "காலையில எதுவும் கொடுக்காம கூட்டிட்டு வாங்க" என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதில் சிக்கல் இல்லை. ஆனால், பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடு உள்ள சில குழந்தைகளுக்கு அந்தச் சில மணி நேரப் பட்டினியே ஆபத்து.

அது என்ன குறைபாடு?

சாப்பாட்டை உடைத்துச் சத்தாக மாற்ற என்சைம்கள் தேவை. மரபணுக் கோளாறால் அதில் ஒன்று சரியாக வேலை செய்யாவிட்டால், பட்டினியின்போது ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கலாம். சில வகைகளில் அம்மோனியா போன்ற நச்சு சேர்ந்து மூளையைப் பாதிக்கலாம்.

பல் ஏன் சொத்தையாகிறது?

உயிரைக் காக்கும் உணவுமுறையே ஒரு காரணம். கிளைகோஜன் சேமிப்புக் குறைபாட்டில், வேகவைக்காத கார்ன்ஃப்ளாரைத் தண்ணீரில் கலந்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள், நடுராத்திரியிலும்கூட. பினைல்கீட்டோனூரியாவில் சிறப்புப் புரத பானத்தை தினமும் பலமுறை குடிக்க வேண்டும். அதில் இனிப்பும் புளிப்பும் இருக்கலாம்.

அப்போ நிறுத்திடலாமா?

கூடவே கூடாது. குடித்ததும் கொஞ்சம் வெறும் தண்ணீர், தினமும் இரண்டு முறை ஃபுளோரைடு பேஸ்ட், முதல் பல் முளைத்ததிலிருந்தே பல் டாக்டர். இதுதான் வழி.

'சுகர் ஃப்ரீ' என்றால் ஓகேவா?

லேபிளைப் பார்க்கணும். அஸ்பார்டேம், பினைல்கீட்டோனூரியா குழந்தைக்கு ஆகாது. சிரப், பேஸ்டில் வரும் சார்பிட்டால், பரம்பரை ஃப்ரக்டோஸ் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆகாது.

பல் டாக்டரிடம் என்ன சொல்லணும்?

குறைபாட்டின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போதுமென்றால் பொதுவாகப் பட்டினி தேவையில்லை. முழு மயக்கம் என்றால், குழந்தையைப் பார்த்துவரும் வளர்சிதை மாற்ற நிபுணரிடம் பேசியபிறகே தேதி குறிக்க வேண்டும். பெரிய மருத்துவமனையில், அன்றைய முதல் கேஸாக, குளுக்கோஸ் டிரிப்ஸுடன் செய்வது பாதுகாப்பு. யூரியா சுழற்சிக் குறைபாட்டில், விழுங்கும் ரத்தமும் உடம்புக்குப் புரதக் கணக்குதான்.

எப்போது ஓடணும்?

பல் வலியால் சாப்பிடாமல் இருப்பதும் பட்டினிதான். கூடவே வாந்தி, சோர்வு, தூக்கக் கலக்கம் இருந்தால், சர்க்கரை அளவு நார்மலாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். நிபுணர் எழுதித் தந்த அவசரக் கடிதத்துடன் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.