பிளாஸ்டிக் டியூப் – விற்கும் முன் நாம் அறிய வேண்டியவை



திருத்தணியில் ஹார்டுவேர் கடையாகட்டும், பம்ப்செட் சாமான் கடையாகட்டும், பிளாஸ்டிக் டியூப் இல்லாமல் வியாபாரம் நடப்பதில்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை கிராமங்களிலிருந்தும், எல்லை தாண்டி நகரியிலிருந்தும் வருபவர்கள், "முக்கால் இஞ்சு டியூப் பத்து மீட்டர் கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். எதற்கு என்று அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

நாம் விற்கும் வளையும் டியூப் பெரும்பாலும் பி.வி.சி.யால் ஆனது. இது வெள்ளை மாவு போன்ற பொருள். நம் மாநிலத்தில் மேட்டூரில் 1967இல் இதன் உற்பத்தி தொடங்கியது. இதனால் மட்டும் செய்தால் போர்வெல் பைப் போல விறைப்பாக இருக்கும். வளைவதற்கு 'பிளாஸ்டிசைசர்' என்னும் எண்ணெய் சேர்க்கிறார்கள். 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர் கண்டறிந்த முறை இது. இத்துடன் சூடு தாங்கும் மருந்து, நிறம், சுண்ணாம்புத் தூள் ஆகியவை கலக்கப்படுகின்றன.

இந்தக் கலவையை எக்ஸ்ட்ரூடர் என்னும் இயந்திரம் சுமார் 160 முதல் 190 டிகிரி சூட்டில் உருக்கி, முறுக்கு நாழியில் மாவு பிழிவதுபோல அச்சு வழியே தள்ளுகிறது. அச்சின் நடுவில் உள்ள தண்டால் உள்ளே துவாரம் விழுகிறது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஆறி, ரோலாகச் சுற்றப்படுகிறது. மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கான டியூபில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நூல் பின்னப்பட்டிருக்கும். அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான்.

கொள்முதலில் ஏமாறும் இடம் சுண்ணாம்புத் தூள். அது மலிவு, ஆனால் கனம். பி.வி.சி.யின் அடர்த்தி சுமார் 1.4, சுண்ணாம்புத் தூளுக்கு 2.7. எனவே கிலோ கணக்கில் மலிவாகத் தெரியும் ரோலை அளந்து பார்த்தால் மீட்டர் குறையும். டியூபை மடித்துப் பாருங்கள். மடிப்பு வெளுத்தால் தூள் அதிகம் என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்டது வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும்.

கரும்பு, மா தோட்டங்களில் போடும் சொட்டுநீர்க் குழாய் வேறு ஜாதி. அது பாலிஎத்திலீன், வெயிலைத் தாங்கக் கரித்தூள் சேர்ப்பதால் கறுப்பாக இருக்கும். துண்டு நறுக்கித் தண்ணீரில் போட்டால் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். இதற்கான தர எண் ஐ.எஸ். 12786. கம்ப்ரசர் காற்றுக்கு பாலியூரித்தேன் அல்லது நைலான் டியூப். ஆஸ்பத்திரி டியூப் தனித் தரம். அது நம் கடைச் சரக்கு அல்ல.

மூன்று இடங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

ஒன்று, கேஸ் அடுப்பு. ஆடிக் கிருத்திகைக்கு அன்னதானப் பந்தல் போடுபவர்கள் அவசரத்தில் சாதா டியூப் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சூட்டில் அது இளகிக் கழன்றுவிடும். வீட்டு அடுப்புக்கு ஐ.எஸ். 9573 முத்திரையுள்ள ரப்பர் டியூபே சரி. பந்தலின் பெரிய அடுப்புக்கு கேஸ் ஏஜென்சியைக் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டு, சமையல் எண்ணெய். பீப்பாயிலிருந்து எண்ணெய் இறக்கச் சாதா டியூபைப் போட்டால், அதிலுள்ள பிளாஸ்டிசைசர் எண்ணெயில் கரைந்து இறங்கும். டியூப் நாளடைவில் விறைத்துப்போவது அதற்கு அடையாளம். எண்ணெய் வியாபாரம் செய்யும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று, குடிநீர். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த டியூப் செடிக்குத் தண்ணீர் விட உதவும், குடிநீருக்கு உதவாது. குடிநீருக்கும் உணவுக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த சரக்கையே விற்க வேண்டும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளால் தீங்கு நேர்ந்தால் சில சூழ்நிலைகளில் விற்றவரும் பொறுப்பேற்க நேரிடும்.

ஆகவே மீட்டரைக் கையில் எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்போம்: எதற்கு? சூடு உண்டா? அழுத்தம் உண்டா? பதிலுக்கேற்ற சரக்கைக் கொடுத்து, பில்லிலும் அதன் வகையை எழுதுவோம். பத்து மீட்டர் வியாபாரம் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை. நம் கடையில் வாங்கிய டியூபால் ஒரு வீட்டில் விபத்து என்ற பேச்சு வரக் கூடாது.