சீமெந்துக்குப் பதில் சல்லி

கொழும்பு பாமன்கடையில் வீட்டு முற்றம் என்றால் இப்போது பெரும்பாலும் சீமெந்துத் தரைதான். சேறு இல்லை, புல் வெட்டும் வேலையும் இல்லை. ஆனால் ஒக்டோபர், நவம்பர் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியின்றி ஒழுங்கையில் பாய்கிறது. சல்லி பரப்பிய முற்றத்தில் அது கற்களுக்கிடையே இறங்கிவிடும்.

மூன்று அங்குலம் தோண்டி, மண்ணை இறுக்கி, சுற்றிவரச் செங்கல் விளிம்பு கட்டவேண்டும். இறுக்கிய மண்மேல் நீர் வடியும் துணி விரிக்கலாம். பொலித்தீன் மட்டும் வேண்டாம், தண்ணீர் தேங்கும். பிறகு முக்கால் அங்குலச் சல்லி, இரண்டு அங்குலக் கனத்துக்கு. உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகுதான். ஆனால் காலடியில் உருளும். வயதானவர்கள் நடமாடும் வீட்டுக்கு ஆகாது. உடைத்த கருங்கல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

பராமரிப்பே தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மாமரத்தடியில் சருகைக் கூட்டாமல் விட்டால் அது கற்களுக்குள் மக்கி மண்ணாகும், அதில் புல் முளைக்கும்.

நுளம்பு இன்னொரு கவலை. 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும் பூச்சாடித் தட்டுகளை அகற்றிவிட்டுச் சாடிகளை நேரே சல்லியில் வைக்கலாம். வழியும் நீர் அப்படியே கீழே போய்விடும்.